சுவிட்சுக்கு வைத்த பொட்டு

இது என் ரத்தம் இல்லை அக்கா. நீங்கள் ஜன்னலோரம் அவ்வளவு ஒட்டிக்கொள்ள வேண்டாம், நமக்கு நடுவில் இன்னொரு ஆள் உட்காரலாம் போலிருக்கிறது. துப்பட்டாவில் இருப்பது கிருபாகரன் என்கிற ஒரு ஒர்க்ஸ் மேனேஜருடைய ரத்தம். வாயிலிருந்து வந்தது. கூடவே பல்லும் வந்தது. பல்லை நான் பார்க்கவில்லை, வாட்ச்மேன் குனிந்து எதையோ பொறுக்கியதைத்தான் பார்த்தேன்.

ஓடிப்போகிறேன் என்று நினைக்காதீர்கள். ஓடிப்போகிறவள் ரத்தத் துப்பட்டாவோடு முன் சீட்டிலா வந்து உட்காருவாள்? தாராபுரத்தில் என் மாமா வக்கீல். அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு சாயங்காலத்துக்குள் திரும்பிவிட வேண்டும். சாயங்காலம் கம்பெனிக்குப் போலீஸ் வருகிறது. மாராத்தாள் என்று ஒரு பெண். ஒரு பாவமும் அறியாதவர். அவரைப் பிடித்து ஜெயிலில் போடப்போகிறார்கள். எதற்கு? ஒரு சந்தனப் பொட்டுக்கு. இந்த நாட்டில் நடக்குமா நடக்காதா, நீங்களே சொல்லுங்கள்.

என் பேர் மிருதுளா. சிரித்துக்கொள்ளுங்கள், எல்லோரும் சிரிப்பார்கள். மென்மையானவள் என்று அர்த்தமாம், அப்பா ஆசையாக வைத்தது. அப்புறம் இன்னொன்று, நான் பேசுவது மேடையில் பேசுகிற மாதிரி இருந்தால் தப்பாக நினைக்காதீர்கள். எனக்குக் கோபம் வந்தால் புத்தகத் தமிழ் வந்துவிடும். ஹாஸ்டலில் இதை வைத்தே என் கோபத்தின் அளவைக் கண்டுபிடிப்பார்கள். ‘மிருது “ஆகவே” போட்டுட்டா, ஓடுங்கடி’ என்பார்கள்.

நீங்கள் பிஸ்கட் டப்பா மூடியை நடுவில் அமுக்கிப் பார்த்திருக்கிறீர்களா? அமுக்க அமுக்க ஒன்றும் ஆகாது. திடீரென்று டொக் என்று உள்ளே போகும். விட்டால் டொக் என்று வெளியே வரும். என் படிப்பு மொத்தமும் அந்த டொக்தான். கம்ப்ரசர் தெரியும் இல்லையா? பஞ்சர் கடையில் காற்றடிக்கிற டேங்க். மோட்டார் ஓட ஓட டேங்கில் காற்று ஏறிக்கொண்டே போகும். ஒரு அளவு வந்ததும் மோட்டார் தானாக நிற்க வேண்டும். நிறுத்துவது யார்? பிரஷர் சுவிட்ச். அதற்குள்ளே பத்து ரூபாய் நாணயம் அளவில், லேசாக வயிறு தள்ளிய ஒரு எஃகுத் தட்டு. காற்று அந்த வயிற்றில் தள்ளும், தள்ளும், தள்ளிக்கொண்டே இருக்கும். தட்டு அசையாது. அளவு தாண்டியதும் டக். ஒரே புரளல், கரண்ட் அறுந்துவிடும். மெதுவாக அறுந்தால் நெருப்புப் பொறி பறந்து காண்டாக்ட் கருகிப்போகும். ஆகவே மெதுவாக என்பதே கூடாது. நடுவில் நிற்பது என்பதே கூடாது. எனக்கு அந்தத் தட்டை முதல் நாளே பிடித்துப்போய்விட்டது.

ஆனால் புரண்டு புரண்டு அதன் விளிம்பில் முடி மாதிரி விரிசல் விடும். கோயமுத்தூரில் கணபதிப் பக்கத்தில் நான் எம்.இ. ப்ராஜெக்டுக்குப் போன கம்பெனியில் தட்டு ஒரு லட்சம் தடவை புரள்வதற்குள் செத்துவிடும். நான் போன அன்றைக்கே போர்டில் ‘பத்து லட்சம்’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன். கிருபாகரன் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ‘மேடம், அது உங்க சம்பளமா?’ என்றார். அன்றைக்கே எங்களுக்குள் ஆரம்பித்துவிட்டது.

செய்து காட்டினேன் அக்கா. புரண்ட தட்டு அந்தரத்தில் நிற்காமல் சாய்ந்துகொள்ள ஒரு வளையம் வைத்தேன். வெட்டிய விளிம்பை அப்படியே விடாமல் உருட்டி மழுக்கினேன். எண்ணெயும் ஈரமும் தட்டில் படாமல், காற்று வருகிற பக்கம் ஒரு மெல்லிய படலம். இதெல்லாம் யாரும் எதிர்க்கவில்லை. சண்டை வந்தது துளைக்கு.

தட்டுக்குப் பின்னால் ஒரு குட்டி அறை இருக்கும். அதிலிருந்து வெளியே போக ஒரு மூச்சுத் துளை வேண்டும். குண்டூசி போகிற அளவு போதும். படலம் என்றைக்காவது துளி கசிந்தாலும் அந்தக் காற்று துளை வழியாக வெளியே போய்விடும், ஒன்றும் கெடாது. துளை அடைந்துபோனால்தான் கேடு. கசிந்த காற்று பின்னால் சேர்ந்து சேர்ந்து, தட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் ஆகிவிடும். அப்புறம் அது ஏன் புரளப்போகிறது? மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். பழைய சுவிட்சில் இந்தத் துளை அடிப்பக்கம் இருந்தது, எண்ணெய்ப் பிசுக்கு இறங்கி அடைத்துக்கொண்டது. நான் அதைச் சுவிட்சின் முகப்புக்குக் கொண்டுவந்தேன். பித்தளை மூடியின் நட்டநடுவில். கண்ணுக்கு நேராக. அடைந்தால் பார்த்ததும் தெரியும். இதில் என்ன தப்பு?

கிருபாகரன் குதித்தார். ‘முன்னாடியே ஓட்டை தெரிஞ்சா கடைக்காரன் ஓட்டை பீசுன்னு திருப்பி அனுப்பிருவான் மேடம்.’

‘உங்க மூஞ்சியில ரெண்டு ஓட்டை முன்னாடிதான சார் இருக்கு, யாரு திருப்பி அனுப்பினாங்க?’ என்றேன்.

அசெம்பிளி வரிசையில் அத்தனை பெண்களும் சிரித்துவிட்டார்கள். மனுஷனுக்கு முகம் கருத்தது. நான் செய்து வைத்திருந்த சாம்பிள் சுவிட்சை எடுத்து இரும்பு அடைகல் மேல் வைத்தார். சுத்தியலை ஓங்கி ஒரே போடு. பித்தளை அப்பளமாகிவிட்டது. ‘இப்ப ஓட்டை தெரியுதுங்களா?’ என்றார். என் கையில் டீ இருந்தது, கொதிக்கிற டீ. அவருடைய நெஞ்சில் ஊற்றினேன். தோல் உரிந்ததாகச் சொன்னார்கள். ஒரு பெண்ணின் உழைப்பை உடைத்தவனுக்கு அதற்குக் குறைவாக என்ன கொடுப்பது? முதலாளி வந்து விலக்கினார். அவருக்கு என் பத்து லட்சம் வேண்டும், அதனால் என் பக்கம் பேசினார்.

மறுநாள் கிருபாகரன் சட்டைக்குள் மருந்துத் துணியோடு வந்து நின்று, ‘சரிங்க மேடம், துளை அங்கியே இருக்கட்டும். மேல ஒரு குல்லாவாச்சும் போடுங்க. கைபடும், தூசி படும்’ என்றார். நேற்று சுத்தியல், இன்றைக்குக் குல்லா. இறங்கி வருகிறார் என்று தெரிந்துவிட்டது. இறங்கி வருகிறவனிடம் நாமும் ஒரு படி இறங்கினால் அது சமரசம். நான் முடியாது என்றுவிட்டேன். குல்லா போட்டால் துளை எப்படிக் கண்ணுக்குத் தெரியும்? வாதத்தில் அவர் அதோடு காலி. துளை திறந்தபடியே, நட்டநடுவில், நான் வரைந்த இடத்தில் இருந்தது. அந்தக் கம்பெனியில் நான் ஜெயித்த முதல் சண்டை அது.

சூலூர் தாண்டிவிட்டதா? வண்டி நின்று நின்று போகிறது.

மாராத்தாளைச் சொல்கிறேன். அசெம்பிளியில் முதல் ஸ்டூல் அவருடையது. என்னை ‘அம்மணி’ என்றுதான் கூப்பிடுவார். நான் யாரோடாவது வாதம் செய்து முடித்தால் டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டுவார். ‘இத்தன பேசியிருக்கற, வயிறு காய்ஞ்சிருக்கும், தின்னு.’ ஒருநாள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார், ‘அம்மணி, நீ மொதல்ல உன்ற வாய்க்கு ஒரு சுவிட்சு கண்டுபுடி.’ வேறு யாராவது சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

டெஸ்ட் கம்ப்ரசரை ஓட்டியவர் சின்னராசு. என் சுவிட்சை அதில் மாட்டி ராப்பகலாகப் புரட்டிக்கொண்டிருந்தோம். ‘இஞ்சினியரம்மா, உங்க தட்டு டக்கு டக்குன்னு என்ற கனாவுல வருதுங்க. நானும் தூக்கத்துல டக்கு டக்குன்னேனாமா, பொண்டாட்டி எட்டி ஒதச்சுப்போட்டா’ என்பார். ஆறு லட்சம் தாண்டியபோது எனக்கு மில்க் பேடா வாங்கிக் கொடுத்தவர். துருப்பிடித்த அந்த டேங்கில் ஒரு சேஃப்டி வால்வு உண்டு. சுவிட்ச் வேலை செய்யாவிட்டாலும் காற்றைப் பீய்ச்சி வெளியே விட்டுவிடும். அதைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு போல்ட்டைத் திருகி அடைத்து வைத்திருந்தார்கள். ‘என்னங்க இது?’ என்று கேட்டேன். ‘ஒழுவுதுங்க. முதலாளி புதுசு வாங்கித் தாரேன்னாரு’ என்றார் சின்னராசு. நான் சுட்டிக்காட்டினேன், அதற்கு மேல் என் ப்ராஜெக்டில் டேங்க் இல்லை, சுவிட்ச்தான். இந்தப் போல்ட்டை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கே இந்தப் போல்ட்டில்தான் இருக்கிறது.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. கோயமுத்தூர்க்காரர்களுக்குத் தீபாவளிகூட இரண்டாம்பட்சம். மெஷினை எல்லாம் டீசல் போட்டுத் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை குவித்து, முதலாளியிலிருந்து கூட்டுகிற அம்மா வரைக்கும் புதுத்துணி. மாராத்தாள் ஒரு கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தார். லேத், பிரஸ், ட்ரில்லிங் மெஷின், எல்லாவற்றுக்கும் அவர்தான் வைத்துக்கொண்டே வந்தார். டெஸ்ட் கம்ப்ரசரிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

‘இது உன்ற சுவிட்சு. இதுக்கு நீதேன் வெக்கோணும் அம்மணி.’

நான் சாமி கும்பிடுகிறவள் இல்லை அக்கா. அந்த இடத்திலேயே ஒரு சின்னப் பேச்சுப் பேசினேன், இயந்திரத்துக்கு எதற்கு மதம் என்று. மாராத்தாள் கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியில், ‘சாமிக்கு வெக்காட்டிப் போ. அது பாவம், ராப்பகலா உனக்காகப் பொரண்டுக்கிட்டுக் கெடக்குது. அதுக்கு வையி’ என்றார். கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். என் மூடி வட்டமாக, மஞ்சளாக, பார்த்தாலே நெற்றி மாதிரி இருக்கும். நல்ல கெட்டிச் சந்தனம். நட்டநடுவில் வைத்து, அதன் மேல் குங்குமத்தை அழுத்தினேன். பெண்கள் கை தட்டினார்கள். சின்னராசு, ‘சுவிட்சுக்குக் கண்ணாலம் முடிஞ்சுதுங்கோ, பந்திக்கு வாங்க’ என்று கத்தினார். நான் பொட்டு வைத்தால் நன்றாக இருக்கும் என்று வீட்டிலும் சொல்வார்கள்.

நேற்றுக் காலை, லீவு முடிந்து மெஷின்கள் மறுபடி ஓடின. சின்னராசு கம்ப்ரசரைப் போட்டுவிட்டார். நான் பக்கத்தில் நின்று, தட்டு புரள்வதை எண்ணுகிற மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாராத்தாள் மிச்சமிருந்த பொரியை முந்தானையில் அள்ளிக்கொண்டு வாசலில் நின்று கூப்பிட்டார். ‘அம்மணி, நமுத்துப் போகுது, வா.’ நான் போனேன். ஒரு வாய்தான் போட்டிருப்பேன்.

சத்தம் எனக்குக் கேட்கவில்லை. காது முதலிலேயே செத்துவிட்டது. தரை வந்து முகத்தில் அடித்தது. அந்த டேங்கின் ஒரு பக்க மூடி, வடைச்சட்டி மாதிரி இருக்கும், இரண்டு ஆள் சேர்ந்தாலும் தூக்க முடியாது, அது பிய்த்துக்கொண்டு கிளம்பி, லேத்தின் தலையைச் சீவி, சுவரை உடைத்துக்கொண்டு, பக்கத்து வார்ப்படப் பட்டறைக்குள் போய் விழுந்தது. சின்னராசு அதன் வழியில் நின்றிருந்தார். கூரைத் தகட்டில் அவருடைய பூஜைச் சட்டை மாட்டிக்கொண்டு ஆடியது. சட்டை மட்டும்தான் என்று உங்களிடம் சொல்லத்தான் எனக்கும் ஆசை. அவரிடம் முதலில் ஓடியது மாராத்தாள். சாக்கை எடுத்து மூடினார். ஒரு சாக்கு போதவில்லை, இன்னொன்றும் எடுத்தார். நான் வேப்பமரத்தடியில் பொரியைக் கக்கிக்கொண்டிருந்தேன்.

இல்லை, அழவில்லை. கேளுங்கள், அநியாயம் இனிமேல்தான் ஆரம்பிக்கிறது.

இன்று காலை அரசாங்கத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். முதலாளி அறையில் எல்லோரையும் நிற்க வைத்தார்கள். உடைந்ததையெல்லாம் மேசை மேல் பரப்பியிருந்தார்கள். என் சுவிட்சுக்கு ஒன்றுமே ஆகவில்லை அக்கா. அவ்வளவு பெரிய வெடிப்பில் ஒரு கீறல் இல்லை. தட்டு முழுசாக இருக்கிறது, விளிம்பில் ஒரு விரிசல் இல்லை. அதைப் பற்றி ஒருவர் ஒரு வார்த்தை பேசினாரா? அந்த ஆய்வாளர் ஒரு ஊசியை எடுத்தார். மூடியின் துளையில் விட்டுக் குடைந்தார். வெள்ளைத் தாளில் மஞ்சளாகவும் சிவப்பாகவும் பொடி உதிர்ந்தது. ‘காஞ்ச சந்தனம். துளைக்குள்ள ஆணி மாதிரி இறுகியிருக்கு. படலம் லேசாக் கசிஞ்சிருக்கு, சுவிட்ச் கட் ஆகலை. யார் வெச்சது?’ என்றார்.

பார்த்தீர்களா கேள்வியை? போல்ட் போட்டது யார் என்று முதலில் கேட்டாரா? கேட்கவில்லை. அது அடுத்ததாம். முதலில் பொட்டு.

முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டே, ‘சாயங்காலம் ஸ்டேஷன்லருந்து வர்றாங்க, அவங்களுக்கு ஒரு பேர் வேணும்’ என்றார்.

மாராத்தாள் முன்னால் வந்தார். என்னைப் பார்த்தார். ஆய்வாளரைப் பார்க்கவில்லை, முதலாளியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். ‘நாந்தேனுங்க. எல்லாத்துக்கும் நாந்தேன் வெச்சேன்’ என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? இதுதான் பயம் அக்கா. தலைமுறை தலைமுறையாக ஊறிய பயம். அதிகாரம் கேள்வி கேட்டால் செய்தது, செய்யாதது எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிற பயம். பின்னால் அந்த அசெம்பிளிப் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். பூஜையன்று அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள், கை தட்டினார்கள். ஒருத்தியாவது, ‘இல்லைங்க, மாராத்தாக்கா வெக்கலை’ என்று சொன்னாளா? எல்லோரும் தரையைப் பார்க்கிறார்கள். ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி தரையைப் பார்க்கிறாள். நம் பெண்களின் பிரச்சினையே இதுதான். கண்ணெதிரே அநியாயம் நடக்கும், வாயைத் திறக்க மாட்டார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது.

அப்போது கிருபாகரன் வாயைத் திறந்தார். அவர் பூஜை நேரத்தில் முதலாளி வீட்டில் இருந்தார், ஒன்றும் தெரியாது. ‘மாராத்தா, நல்லா ரோசன பண்ணிச் சொல்லு. கேஸாயிரும். லேத்துக்கு வெச்ச, பிரஸ்ஸுக்கு வெச்ச, செரி. டெஸ்ட் கம்ப்ரசருக்கு வெச்சதும் நீதானா?’

நீ! அக்கா, நீ! கிருபாகரனைவிட மாராத்தாளுக்குப் பத்து வயசாவது கூட இருக்கும். ஒரு மனுஷன் செத்துக் கிடக்கிறான், ஒரு பெண் நடுங்கிக்கொண்டு நிற்கிறார், அவரைப் பார்த்து நீ, வா, போ. கிருபாகரன் மறுபடி கேட்டார், ‘சொல்லு, அதுக்கும் நீதானா? இல்ல வேற யாராச்சுமா?’ என்று. கேட்டுக்கொண்டே என் பக்கம் திரும்பினார். திரும்பி முடிக்கவில்லை. மேசை மேல் குழாயை இணைக்கிற ஒரு பித்தளைக் கப்ளிங் கிடந்தது, கைக்கு அடக்கமாக, கனமாக. அதை எடுத்து வாயில் அடித்தேன். எலும்பில் படுகிற சத்தம் எனக்கு விரல் வழியாகக் கேட்டது. சுவரில் சரிந்தார். மறுபடி ஓங்கினேன், மாராத்தாள் என் இடுப்பைக் கட்டிப் பிடித்துவிட்டார். ‘போதும் அம்மணி, போதும் சாமி, அவுரு கேட்டது தப்பில்ல’ என்று அழுகிறார். தன்னை மரியாதையில்லாமல் பேசியவனுக்காக! இந்த அடிமைப் புத்தியை எந்தக் கப்ளிங்கால் உடைப்பது?

முதலாளி, ‘கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளுங்கடா’ என்று கத்தினார். கிருபாகரன் வாயைப் பொத்திக்கொண்டு, ரத்தம் விரலிடுக்கில் வழிய, ‘உடுங்க முதலாளி, கேஸு கீஸு வேண்டாம். சின்னப் புள்ள’ என்றார். சின்னப் புள்ளையாம். எம்.இ. படிக்கிறவளை. அதற்கு இன்னொன்று போட்டிருக்க வேண்டும்.

ஒரு நிமிஷம், போன். மாராத்தாள்தான்.

…

கேட்டீர்களா? நான் அவருக்காகத் தாராபுரம் வரை போகிறேன், அவர் கேட்கிறார், ‘அம்மணி, சாப்பிட்டியா?’ என்று. மாமாவை அழைத்து வருகிறேன் என்றேன். ‘வக்கீலெல்லாம் வேண்டாம் கண்ணு. நீ திரும்பி வராத. பரீட்சைய எழுது. என்ற புள்ளைக்குக் கண்ணாலம் முடிஞ்சுது, எனக்கு என்ன இருக்குது, நான் பாத்துக்கறேன். வெக்கச் சொன்னவ நாந்தான?’ என்கிறார். இதில் ஏதாவது தர்க்கம் இருக்கிறதா? வைக்கச் சொன்னவர் எப்படிக் குற்றவாளி ஆவார்? சட்டத்தில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. இதைத்தான் மாமா கோர்ட்டில் கிழிகிழியென்று கிழிக்கப் போகிறார்.

என்ன?

ஆமாம். நான்தான் வைத்தேன். முதலிலேயே சொன்னேனே, மறைக்கவில்லையே. நான் வைத்தேன் என்பது ஒரு தகவல். தகவல் வேறு அக்கா, காரணம் வேறு. காரணம் அந்தப் போல்ட். காரணம் அந்தத் துருப்பிடித்த டேங்க். காரணம், ஒழுகுகிற வால்வை மாற்றித் தராத முதலாளி. வால்வு இருந்திருந்தால் என் சந்தனம் என்ன செய்திருக்கும்? ஒன்றும் செய்திருக்காது. சின்னராசு இன்றைக்கு உயிரோடு இருப்பார், எனக்கு எட்டு லட்சத்துக்கு இன்னொரு மில்க் பேடா வாங்கிக் கொடுத்திருப்பார். இதை யாராலும் மறுக்க முடியாது. நீங்கள் மறுங்கள் பார்ப்போம்.

இல்லை, நான் மறுக்கச் சொன்னது போல்ட்டை. நீங்கள் மறுபடி பொட்டுக்கே வருகிறீர்கள்.

அங்கேயே ஏன் சொல்லவில்லை என்றால்? யோசித்துப் பாருங்கள். நான் சொன்னால் என்ன ஆகும்? ‘ஓ, படிக்கிற பெண் செய்த தவறு’ என்று அத்தோடு முடித்துவிடுவார்கள். முதலாளி தப்பித்துவிடுவார். போல்ட்டைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். என் டிசைன் போகும், டிகிரி போகும், அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. நியாயம் போய்விடும். ஆகவே நான் பேசாமல் இருந்தது எனக்காக இல்லை. ஒரு பெரிய உண்மை வெளியே வர வேண்டுமானால் ஒரு சின்ன உண்மை கொஞ்சம் காத்திருக்கத்தான் வேண்டும்.

மாராத்தாளும் கொஞ்சம் காத்திருக்கத்தான் வேண்டும், ஆமாம். ஒரு ராத்திரி, மிஞ்சிப்போனால் இரண்டு. மாமா ஜாமீன் எடுத்துவிடுவார். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் அவருக்காக ஒரு ஆளின் வாயையே உடைத்திருக்கிறேன். அவருக்காக அங்கே யார் என்ன செய்தார்கள்? அந்தப் பெண்கள் செய்தார்களா? முதலாளி செய்தாரா?

கிருபாகரனா? அவர் என்ன செய்தார்? கேள்வி கேட்டார். நீ என்று கேட்டார்.

…சரி, கேள்வி சரியான கேள்விதான். மரியாதை இல்லை என்றுதானே சொன்னேன்.

பல்லடம் வந்துவிட்டது. நீங்கள் இறங்குகிற இடம்தானே? பார்த்துப் போய்வாருங்கள் அக்கா. எதற்கு என் பையை எடுக்கிறீர்கள்? அது என்னுடையது. உங்களுடையது மேலே இருக்கிறது. எனக்கு இது இடமில்லை, நான் தாராபுரம். எதிரே நிற்பது கோயமுத்தூர் வண்டி, தெரிகிறது, எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். கிளம்பப் போகிறான், அதுவும் தெரிகிறது. அதற்கு நான் என்ன செய்ய வேண்டும்?

கையை விடுங்கள்.

அக்கா, கையை விடுங்கள். ஒரு ஆளின் மணிக்கட்டை இப்படிப் பிடித்து இழுக்க உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. எல்லோரும் பார்க்கிறார்கள். இது எப்படிப்பட்ட கை என்று இவ்வளவு நேரம் கேட்டீர்கள்தானே? ஒரு தடவைதான் சொல்வேன். அடித்துவிடுவேன். உங்களையும் அடிப்பேன், எனக்குப் பெரியவர் சின்னவர் எல்லாம் கிடையாது. சத்தியமாக அடிப்பேன்.

விடுங்கள்… நீங்கள் என்ன தறி ஓட்டுகிறவரா? கை இப்படி இரும்பாக இருக்கிறது. வலிக்கிறது. கண்டக்டர் சார், ஒரு நிமிஷம், விசில் அடிக்காதீர்கள். இழுக்காதீர்கள் அக்கா, படியில் விழுந்துவிடுவேன். நானே இறங்குகிறேன்.

இறங்குகிறேன், அவ்வளவுதான். நீங்கள் சொன்னது சரி என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை.